வீட்டு கேம் ஸ்ட்ரீமிங் சர்வர்: எங்கே கோட்டை விடுகிறார்கள்?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கி நல்ல கிராபிக்ஸ் கார்ட் வாங்கியாயிற்று. கேமை வீட்டுக் கணினியில் ஓட்டி, அதன் படத்தைப் போனுக்கு அனுப்பி விளையாடுவதுதான் திட்டம்: கணினியில் படத்தை அனுப்பும் சன்ஷைன் மென்பொருள், போனில் அதை வாங்கிக் காட்டும் மூன்லைட். வீட்டுக்குள் வழுக்கிக்கொண்டு ஓடும் கேம், வெளியே போனதும் திக்குகிறது. உடனே கார்டைக் குறை சொல்ல வேண்டாம்.

பெக்கேஜ் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது டவுன்லோட் வேகம். இங்கே வீடியோவை அனுப்புவது உங்கள் வீடு. எனவே அப்லோடைத்தான் அளக்க வேண்டும், அதுவும் எல்லோரும் இணையத்தில் இருக்கும் இரவு நேரத்தில். 1080பி, 60 பிரேமுக்கு 15 முதல் 20 எம்பிபிஎஸ் போதும். அளந்து வந்ததில் 70 சதவீதத்துக்கு மேல் பிட்ரேட் (செக்கனுக்கு அனுப்பும் வீடியோ டேட்டா அளவு) வைக்காதீர்கள். முழுவதையும் கொடுத்தால் ரவுட்டரில் டேட்டா தேங்கி, பிங் (டேட்டா போய்த் திரும்பும் நேரம்) சில நூறு மில்லிசெக்கனுக்குப் போய்விடும். படம் தெளிவாக இருக்கும், ஆனால் நீங்கள் சுட்டது பிந்தித்தான் தெரியும். 20 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு 9 ஜிபி. அப்லோடையும் கணக்கில் எடுக்கும் பெக்கேஜில் இது மாத முடிவுக்கு முன்பே கடிக்கும்.

அடுத்த வீண் வேலை, வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டரில் போர்ட் (இணைப்பு வாசல்) திறப்பது. ரவுட்டரின் வான் ஐபி (இணையப் பக்கத்து முகவரி) 10இல் தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரையான எல்லைக்குள் இருந்தாலோ, உங்களுக்கென்று தனிப் பொது முகவரி இல்லை. பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்கின்றன. எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. உங்கள் சாதனங்களைத் தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் மென்பொருளைக் கணினி, போன் இரண்டிலும் போட்டால் போர்ட் திறக்கும் தேவையே இல்லை. போட்ட பிறகு அதன் பிங் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். பதிலில் 'டெர்ப்' என்று வந்துகொண்டே இருந்தால் நேரடி இணைப்பு கிடைக்கவில்லை, ரிலே சர்வரைச் சுற்றிப் போகிறது என்று அர்த்தம். இருபுறமும் ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) கிடைத்தால் நேரடி இணைப்புக்கு வாய்ப்புக் கூடும். பொது முகவரி உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 47990 என்ற போர்ட் சன்ஷைனின் நிர்வாகப் பக்கம். அதை இணையத்துக்குத் திறந்து வைப்பது, வாசல் கதவைத் திறந்துவிட்டு ஊருக்குப் போவது போல.

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பக்கத்து வீட்டு வைஃபைகள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில் மோதிக்கொள்ளும். சர்வராக ஓடும் கணினிக்கு கேட் 6 நெட்வொர்க் வயர் இழுங்கள். போனுக்கு 5 கிகாஹெர்ட்ஸ். கணினியை மூடிய அலுமாரிக்குள் வைக்கவும் வேண்டாம்.

இனி கரண்ட். 650 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுதான் தாங்கும். கேம் ஓடும்போது 400 வாட் இழுக்கும் கணினியை அதில் மாட்டினால், மின்வெட்டு வந்த கணமே இரண்டும் சேர்ந்து அணையும். பைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் யூபிஎஸ் இல்லாவிட்டால் கணினி மட்டும் உயிரோடு இருந்து பயனில்லை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) கரண்ட் திரும்பியதும் தானாக ஆன் ஆகும் அமைப்பைப் போடுங்கள். அணைந்த கணினியை நெட்வொர்க் சிக்னலால் எழுப்பும் வேக் ஆன் லான் மட்டும் போதாது: அந்த சிக்னல் வீட்டு நெட்வொர்க்குக்குள் இருந்து வர வேண்டும், டெயில்ஸ்கேல் அதைக் கடத்தாது. எப்போதும் ஓடும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்று வீட்டில் இருந்தால், வெளியிலிருந்து அதற்குள் போய் சிக்னலை அனுப்பலாம். விண்டோஸின் பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற விரைவுத் தொடக்க வசதியையும் நிறுத்திவிடுங்கள்; பல கணினிகள் எழும்பாததற்கு அதுதான் காரணம்.

எல்லாம் சரியாக இருந்தும் கறுப்புத் திரை வருகிறதா? மானிட்டரை அணைத்திருப்பீர்கள். திரை இல்லையென்றால் பிடித்து அனுப்பப் படமும் இல்லை. திரை இருப்பதாகக் கணினியை நம்பவைக்கும் எச்டிஎம்ஐ டம்மி பிளக் ஒன்றைக் கார்டில் செருகினால் போதும். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டொப்பால் உள்ளே போய்விட்டு வெளியேறியிருந்தாலும் இதே கறுப்புத்தான், ஏனென்றால் அது திரையைப் பூட்டிவிட்டுப் போகும்.