வேலைக்கு முந்தைய போதைப்பொருள் பரிசோதனையில் தவறிய லொறிச் சாரதி அடுத்துச் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் லொறி ஓட்டும் என் மருமகன் அழைத்தபோது இங்கு கல்லடியில் இரவு பத்து மணி. கஞ்சாவுக்குச் சட்டம் இடமளிக்கும் மாநிலத்தில் வசித்ததால் அது தொழிலைப் பாதிக்காதென்று நம்பியிருந்தவன், புதிய வேலைக்கான சிறுநீர்ப் பரிசோதனையில் பிடிபட்டிருந்தான். "மாமா, அஞ்சு வருசம் பொறுத்தா பதிவு அழிஞ்சிரும்தானே?" என்று கேட்டான். அழியாது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்து பிள்ளைகளை அங்கு அனுப்பியவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்தப் பரிசோதனை அமெரிக்க மத்திய போக்குவரத்துத் திணைக்கள விதிப்படி நடந்ததா, நிறுவனம் தானாக நடத்தியதா என்பதை முதலில் படிவத்தில் பாருங்கள். திணைக்களப் பரிசோதனையாயின், வேலை கிடைக்காமற் போனாலும், 2020 ஜனவரி 6 முதல் இயங்கும் கிளியரிங்ஹவுஸ் என்ற மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும்; கனரக வாகனச் சாரதியைச் சேர்க்குமுன் ஒவ்வொரு நிறுவனமும் அதைப் பார்த்தேயாக வேண்டும். மாதிரி இரண்டு போத்தல்களில் எடுக்கப்படுவதால், முடிவில் ஐயமிருந்தால், ஆய்வுகூட முடிவைச் சரிபார்க்கும் மீளாய்வு மருத்துவர் அறிவித்து 72 மணித்தியாலங்களுக்குள் இரண்டாவதை வேறு ஆய்வுகூடத்தில் சோதிக்கக் கேளுங்கள்.

முடிவு உறுதியானால், காத்திராமல் எஸ்.ஏ.பி. எனப்படும், போதைப்பொருள் பாவனையை மதிப்பிடத் தகுதிபெற்ற நிபுணரிடம் செல்லுங்கள். அவர் மதிப்பிட்டு, விதிக்கும் கல்வியையோ சிகிச்சையையோ நீங்கள் முடித்த பின் மீண்டும் மதிப்பிடுவார். அதன்பிறகு, சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்கும் நிறுவனம் ஒன்று மறுபரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதில் சிறுநீர் கழிப்பதை ஒருவர் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். நம் பிள்ளைகள் இதற்குக் கூசிப் பின்வாங்கிவிடக்கூடும்; மறுத்தால் அதுவே புதிய விதிமீறல் என்பதால் முன்கூட்டியே சொல்லி மனதைத் தயார்ப்படுத்துங்கள்.

இந்தப் படிகளை முடிக்காதவர் 'தடைசெய்யப்பட்டவர்' நிலையிலேயே இருப்பார். 2024 நவம்பர் 18 முதல், அவருடைய கனரக வாகன உரிமத்தையும் மாநிலம் தரமிறக்கி, அவ்வாகனங்களை ஓட்டும் தகுதியை நீக்கிவிட வேண்டும். மறுபரிசோதனையில் தேறியதும் தடை நீங்கினாலும், முதல் 12 மாதங்களில் குறைந்தது 6 முறை முன்னறிவிப்பின்றித் தொடர்பரிசோதனை நடத்துவார்கள். 5 ஆண்டுகள் கடப்பதும் தொடர்பரிசோதனைகள் நிறைவடைவதும் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ, அதுவரை பதிவு நிலைக்கும். ஆகவே வீட்டில் சும்மா இருந்த ஆண்டுகள் எதையும் அழிப்பதில்லை.

பேருந்து, ரயில், விமானத் துறைகளில் திணைக்கள விதிக்கு உட்பட்ட வேலைக்குப் போனாலும், முந்தைய 2 ஆண்டுகளில் வேலைக்கு முன்னான பரிசோதனையில் தவறினீர்களா என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லி, நிபுணரின் நடைமுறையை நிறைவேற்றியதற்கான ஆவணங்களைக் காட்டுங்கள். மிஞ்சிய தொடர்பரிசோதனைகளைப் புதிய நிறுவனம் நடத்தும்.