சூடாகாத சோல்டரிங் அயனை எறியாதீர்கள்

ஹட்டன் பக்கம் மழைக்காலத்தில் மேசையில் வைத்த எதுவும் ஈரம் குடித்துவிடும். போன வாரம் என் 60 வாட் சோல்டரிங் அயன் (ஈயத்தை உருக்கி வயர்களை ஒட்டும் கருவி) சூடாகவில்லை. உள்ளே சூடேற்றும் எலிமென்ட் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். இல்லை.

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, மல்டிமீற்றரை ஓம்ஸில் (மின்தடை அளக்கும் நிலையில்) வைத்து அதன் இரண்டு மின் பின்களிலும் தொட்டுப் பாருங்கள். சூட்டுக் கட்டுப்பாடு இல்லாத சாதாரண 60 வாட் அயன் 230 வோல்ட்டுக்கு ஏறத்தாழ 880 ஓம்ஸ் காட்டும். 40 வாட் என்றால் 1,320. (செராமிக் எலிமென்ட் ஆறியிருக்கும்போது குறைத்துக் காட்டும், பயப்பட வேண்டாம்.) ஒன்றுமே காட்டாவிட்டால் 13 அம்பியர் பிளக்குக்குள் இருக்கும் பியூஸைப் பாருங்கள். அதுவும் சரியென்றால், வயர் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தை மெல்ல வளைத்துக்கொண்டே மீற்றரைக் கவனியுங்கள். எண் வந்து வந்து போனால் கள்ளன் அங்கேதான். எனக்கு வெளி ரப்பர் புதுசு மாதிரி இருந்தது. உள்ளே செம்பு அறுந்து பச்சை பிடித்திருந்தது.

அந்த இடத்தோடு மூன்று அங்குலம் வெட்டிவிட்டு, வயரை மறுபடி கைப்பிடிக்குள் இருக்கும் ஸ்க்ரூவில் பூட்டுங்கள். ஈயம் வைத்து ஒட்டினால் சூட்டில் இளகிவிடும். எர்த் வயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்: எர்த் பின்னுக்கும் அயன் முனைக்கும் இடையே ஓரிரு ஓம்ஸ்தான் இருக்க வேண்டும். மின் பின்களுக்கும் எர்த்துக்கும் இடையே எதுவும் காட்டக்கூடாது.

அப்புறம், அணைக்குமுன் முனையில் கொஞ்சம் ஈயம் பூசி வையுங்கள். கறுத்த முனையை அரத்தால் ராவினால் இரும்புப் பூச்சு போய்விடும்.