வாசிகசாலையாகிவிட்ட ஊர்ப் பள்ளிக்கூடத்தைத் திருத்தக் கிளம்பும் முன்

வெள்ளவத்தையில் கூட்டம் கூடி, பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளை காசும் சேர்த்து, "பூசி, பெயின்ற் அடிச்சுக் குடுப்பம்" என்று முடிவெடுக்கிற நேரத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். சீமெந்து மூட்டை வாங்குவதற்கு முன், அது என்ன சுவர் என்று பாருங்கள்.

யாழ்ப்பாணப் பக்கம் பழைய கட்டடங்களில் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான் அதிகம். அலுமாரிக்குப் பின்னால், கண்ணில் படாத ஒரு மூலையில் வீட்டுத் திறப்பால் மெல்லச் சுரண்டுங்கள். வெள்ளை மாவாக உதிர்ந்தால் சுண்ணாம்பு; சாம்பல் நிறத்தில் வெறும் கீறல் விழுந்தால் பிறகு யாரோ சீமெந்து பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் நிலத்து ஈரத்தை இழுக்கும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும், ஆனால் அதன் மேல் சீமெந்தும் பிளாஸ்ரிக் பெயின்றும் ஏறினால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். எங்கள் ஊரில் நாங்கள் அதைத்தான் செய்தோம். அடுத்த மாரிக்கே இடுப்பு உயரத்துக்கு பெயின்ற் கொப்பளித்தது, சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்த புத்தகங்களுக்குப் பூஞ்சணம் பிடித்தது. இன்றும் நினைத்தால் மனம் வலிக்கிறது. சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான மேசன் ஒருவரை முதலில் தேடுங்கள், சம்பளம் கூடினாலும் பரவாயில்லை.

அப்புறம் கூரை. உடைந்த ஓடு ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். வளைந்த பீலி ஓடா, ஒன்றோடொன்று கொளுவும் தட்டை ஓடா? தட்டை ஓட்டின் அடியில் தொழிற்சாலைப் பெயர் பதிந்திருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனின் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல், ஆகவே அதன் பெயர் பதிந்திருந்தால் அந்த ஓடு அதற்குப் பிந்தியதுதான். (ஓட்டில் ஆண்டு இருந்தால் கட்டடத்தின் வயதென்று எடுக்காதீர்கள், தொழிற்சாலை தொடங்கிய ஆண்டாகவும் இருக்கலாம்.) பனஞ்சிலாகையையும் கைமரத்தையும் தட்டிப் பாருங்கள், பொக்கென்று கேட்டால் உள்ளே கறையான். உக்கியதை மட்டும் மாற்றினால் போதும். ஓட்டை இறக்கிவிட்டுத் தகரம் போட்டால் மத்தியானத்தில் ஒருவரும் உள்ளே இருந்து வாசிக்க முடியாது. விறாந்தையின் அரைச்சுவருக்கு மேலே கல் வைத்து அடைப்பதும் அப்படித்தான். பாதுகாப்பு வேண்டும் என்றால் கம்பி வலை அடியுங்கள், காற்று வரட்டும்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி, தேசிய சுவடிகள் திணைக்களம் கொழும்பு 7இலேயே இருக்கிறது. பொதுக் கல்வித் திணைக்களம் 1869இல் தொடங்கியது; அதன் பழைய நிர்வாக அறிக்கைகளைச் சுவடிகள் திணைக்களத்தில் கேட்டு, உங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரைத் தேடுங்கள். அத்திவாரக் கல்லில் மிஷனின் பெயரும் பலகையில் அரசின் பெயரும் இருந்தால் குழம்ப வேண்டாம், 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தோடு அரசின் பண உதவி பெற்ற மிஷன் போன்றவற்றின் பள்ளிக்கூடங்கள் பல அரசின் கைக்குப் போயின. அந்தக் கல்லின் மேல் மட்டும் வெள்ளை அடிக்க விடாதீர்கள்.

புத்தக அலுமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். வேலை தொடங்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, ஒரு பிரதியை ஊர் நூலகரிடம் கொடுங்கள்.