தண்ணீர் விடாத ட்சாட்சிகி: வீட்டில் செய்யும்போது எங்கே தவறுகிறது?

கெட்டித் தயிர், வெள்ளரிக்காய், பூண்டு, ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் வினிகர், உப்பு, மேலே ஒரு பிடி சதகுப்பைக் கீரை. கிரேக்கர்களின் ட்சாட்சிகிக்கு வேண்டியது இவ்வளவுதான். அடுப்பைப் பற்றவைக்கும் வேலைகூட இல்லை. அதனாலேயே பலரும் இதை வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடியாக நினைத்து, ஐந்து நிமிடத்தில் கலக்கி மேஜைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அரை மணி நேரம் போனதும் கிண்ணத்தின் ஓரத்தில் தண்ணீர் நிற்கிறது. ரொட்டியைத் தோய்த்தால் சட்டையில் வழிகிறது.

பச்சடியைச் சோற்றோடு பிசைந்து சாப்பிடுகிறோம், அது தளர்வாக இருந்தால் நல்லதுதான். ட்சாட்சிகியை ரொட்டித் துண்டால் அள்ளிச் சாப்பிடுவார்கள். கம்பியில் குத்திச் சுட்ட சுவ்லாக்கி இறைச்சியோடு பீட்டா ரொட்டிக்குள் தடவிச் சுருட்டுவார்கள். அள்ளினால் நிற்க வேண்டும், தடவினால் ஒட்ட வேண்டும். ஆகவே இதில் உண்மையான வேலை கலக்குவது அல்ல, தண்ணீரை வெளியேற்றுவது. கெட்டுப்போகிற ட்சாட்சிகியில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தில்தான் கெடுகின்றன.

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். வடித்த தயிர் அரைக் கிலோவுக்கு, ஒரு பெரிய வெள்ளரிக்காய் (சுமார் 300 கிராம்), இரண்டு அல்லது மூன்று பல் பூண்டு, மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினிகர், உப்பு, பொடியாக நறுக்கிய கீரை இரண்டு மேசைக்கரண்டி. நாலைந்து பேருக்குத் தாராளமாக வரும்.

தவறு தயிரிலேயே தொடங்கிவிடுகிறது. கிரேக்கத்தில் இதற்கு எடுப்பது சாதாரணத் தயிர் அல்ல, வடித்த தயிர். முன்பெல்லாம் துணிப்பையில் ஊற்றித் தொங்கவிட்டு வடிப்பார்கள், இன்றும் அங்கே கடைகளில் 'பைத் தயிர்' என்று கேட்டு வாங்கலாம். செம்மறியாட்டுப் பாலில் உறைந்த தயிருக்குத் தனி மதிப்பு உண்டு, ஏனென்றால் அந்தப் பாலில் கொழுப்பு 6, 7 சதவீதம் இருக்கும். பசும்பாலில் இருப்பது அதில் ஏறக்குறையப் பாதிதான். பசும்பால் தயிரையும் நன்றாக வடித்துக் கெட்டியாக்கி, 10 சதவீதக் கொழுப்போடு விற்கிறார்கள். எனவே கொழுப்பு நீக்கிய பாலிலோ, தண்ணீர் கலந்து காய்ச்சிய பாலிலோ உறை ஊற்றிவிட்டு அந்தச் சுவையை எதிர்பார்த்தால் கிடைக்காது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் சரியாக இருக்கும், அதில் கொழுப்பு 6 சதவீதம். எருமைப்பால் கிடைத்தால் இன்னும் நல்லது.

பால் பொங்கியவுடன் இறக்கிவிடாதீர்கள். தீயைக் குறைத்து, கிளறிக்கொண்டே பத்து நிமிடம் காயவிடுங்கள். 85 டிகிரியைத் தாண்டிச் சிறிது நேரம் நின்றால், பாலின் தெளிநீரில் கரைந்திருக்கும் புரதம் பிரிந்து மற்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு உறையும் தயிர் தண்ணீரைத் தானாகக் கக்காமல் பிடித்து வைத்துக்கொள்ளும். விரல் வைத்தால் சூடு தெரிகிற பதத்தில், ஏறக்குறைய 43 டிகிரியில், உறை ஊற்றி, பாத்திரத்தைக் கனமான துணியால் சுற்றி வையுங்கள். உறைந்த உடனே ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். இரவு முழுக்க வெளியில் கிடந்து புளித்த தயிர் மோர்க்குழம்புக்கு ஆகும், இதற்கு ஆகாது. மேலே வினிகர் வேறு சேரப்போகிறதே, புளிப்பின் மேல் புளிப்பு ஏறினால் பூண்டும் தெரியாது, எண்ணெயும் தெரியாது.

கடையில் 'கிரேக்கத் தயிர்' என்று எழுதிய டப்பா வாங்குகிறவர்கள் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பாலும் உறையும் மட்டும் இருந்தால் சரி. ஸ்டார்ச், ஜெலட்டின் என்று ஏதாவது இருந்தால் அது வடித்த கெட்டி அல்ல, சேர்த்த கெட்டி. அதை மறுபடி துணியில் கட்டினாலும் ஒழுங்காக வடியாது. இன்னொரு அடையாளமும் உண்டு: 100 கிராமுக்குப் புரதம் 3, 4 கிராம்தான் என்றால் அது வடிக்காத சாதாரணத் தயிர். நன்றாக வடித்ததில் 6 கிராமுக்குக் குறையாது. சர்க்கரையோ வெனிலாவோ சேர்த்ததை அவசரத்தில் எடுத்து வந்துவிடாதீர்கள், டப்பா பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

வடிப்பதற்குப் பழைய வெள்ளை வேட்டித் துணியை மிஞ்சி எதுவும் இல்லை. நனைத்துப் பிழிந்து, இரண்டாக மடித்து, வடிகட்டியின் மேல் விரித்து, தயிரை ஊற்றி, முடிந்து, கீழே ஒரு பாத்திரம் வைத்து ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க விடுங்கள். சமையலறை ஆணியில் தொங்கவிடுகிற வழக்கம் குளிர்நாட்டுக்குச் சரி, நம் வெயிலில் வடிவதற்குள் புளித்துவிடும். சீக்கிரம் முடியட்டும் என்று துணியைக் கையால் பிழிவதும் தவறு. தெளிநீரோடு தயிரும் துணி வழியே வந்துவிடும், உள்ளே இருப்பது திரிதிரியாகிவிடும். ஒரு கிலோ தயிர் வடிந்து கிட்டத்தட்ட அரைக் கிலோவாகும். துணியைப் பிரிக்கும்போது தயிர் அதில் ஒட்டாமல் தோலுரிந்த மாதிரி கழன்று வர வேண்டும், கரண்டியால் கீறினால் கோடு மூடாமல் அப்படியே நிற்க வேண்டும். அதுதான் பதம். மறந்துபோய் அதையும் தாண்டி வடிந்து பாலாடைக்கட்டி மாதிரி இறுகிவிட்டால் கவலை இல்லை. கீழே வடிந்திருக்கும் தெளிநீரையே ஒரு கரண்டி, இரண்டு கரண்டி விட்டுத் தளர்த்துங்கள். பச்சைத் தண்ணீர் விட வேண்டாம், சுவை வெளுத்துவிடும்.

அடுத்தது வெள்ளரிக்காய். தயிரை இரவெல்லாம் வடித்தவர்கள்கூடக் கோட்டைவிடுகிற இடம் இது. வெள்ளரிக்காயில் 95 சதவீதம் தண்ணீர். அதைத் துருவி அப்படியே தயிரில் போட்டால், தயிரில் உள்ள உப்பு அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். கலக்கும்போது கெட்டியாகத்தான் தெரியும், பரிமாறும்போதுதான் வேலையைக் காட்டும். எப்படியும் உப்பு இழுக்கப்போகிறது என்றால் அதை முன்கூட்டியே, தயிருக்கு வெளியே இழுக்கவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

பிஞ்சாகவோ, விதை முற்றாததாகவோ பார்த்து வாங்குங்கள். முற்றியதுதான் கிடைத்தது என்றால் நீளவாக்கில் பிளந்து, தேக்கரண்டியால் விதைப்பகுதியை வழித்து எடுத்துவிடுங்கள், வழவழப்பான தண்ணீர் அங்கேதான் அதிகம். காம்புப் பக்கத்தில் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயே வேண்டாம், தயிரும் பூண்டும் கசப்பை மறைக்கும் என்று நம்ப வேண்டாம். தோல் மெல்லியதாக இருந்தால் பாதியை விட்டுச் சீவலாம், தயிரில் பச்சைக் கீற்றுகள் அழகாகத் தெரியும். கெட்டித் தோல் என்றால் முழுக்கச் சீவுங்கள்.

துருவியில் பெரிய துளைப் பக்கம்தான். சின்னத் துளையில் துருவினால் கூழாகிவிடும், பிழிந்த பிறகு மெல்ல ஒன்றும் மிஞ்சாது. துருவியதில் அரைத் தேக்கரண்டி உப்பைப் பிசறி, வடிகட்டியில் இருபது, முப்பது நிமிடம் வையுங்கள். அப்புறம் ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். இளம்பச்சைத் தண்ணீர் விரல்களுக்கிடையே ஒழுகி ஓடும். இத்தோடு போதும் என்று தோன்றும், அங்கே நிறுத்திவிடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரு துணியில் மூட்டையாகக் கட்டி முறுக்குங்கள், மறுபடி வரும். இரண்டு நிமிடம் விட்டு இன்னொரு முறுக்கு, இன்னும் கொஞ்சம் வரும். கடைசியில் அதை உருண்டையாக்கிப் பலகையில் வைத்தால் உருண்டையாகவே உட்கார்ந்திருக்க வேண்டும், பலகையில் ஈரம் பரவக் கூடாது. 300 கிராம் காய் இப்போது ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். இவ்வளவு குறைந்துபோயிற்றே என்று மனம் கேட்காமல் இன்னொரு காயைத் துருவிச் சேர்க்க வேண்டாம், அளவு அதற்குத்தான். பிழிந்த தண்ணீரைக் கொட்டாமல் மோரில் கலந்து குடியுங்கள். காயில் உப்பு ஏற்கெனவே ஏறியிருப்பதால் தயிரில் முன்கூட்டியே உப்புப் போடாமல், எல்லாம் கலந்த பிறகு ருசி பார்த்துப் போடுவது நல்லது.

பூண்டுக்கு வருவோம். நம் வீடுகளில் நடக்கிற பெரிய தவறு, ஃப்ரிட்ஜில் இருக்கிற இஞ்சிப் பூண்டு விழுதை எடுத்துப் போட்டுவிடுவது. இஞ்சி வந்தால் அது வேறு பண்டம். புட்டியில் விற்கும் பூண்டு விழுதும் வேண்டாம், அதில் பச்சைப் பூண்டின் மணம் எப்போதோ போயிருக்கும், வேறொரு வாடைதான் மிஞ்சும். புதிதாக உரித்த பல்லை நீளவாக்கில் பிளந்து, நடுவில் பச்சை முளை இருந்தால் கிள்ளி எடுத்துவிட்டு, ஒரு சிட்டிகை உப்போடு சின்ன உரலில் மையாக இடியுங்கள். துண்டு துண்டாக நறுக்கிப் போட்டால் சாப்பிடுகிறவர் வாயில் ஒரு துண்டு சிக்கி, அந்த ஒரு வாய் முழுக்கக் காரமாகிவிடும்.

பூண்டின் காரம் அது முழுசாக இருக்கும்போது கிடையாது. நசுக்கும்போது உள்ளே தனித்தனியாக இருந்த இரண்டு பொருட்கள் சேர்ந்து அல்லிசின் உண்டாகிறது, அதுதான் நாக்கைச் சுடுகிறது. புளிப்பு பட்டால் இந்த வேலை தடைபடும். எனவே மென்மையாக வேண்டும் என்றால் வினிகரை உரலில் விட்டு, அதிலேயே பூண்டை இடியுங்கள். காரம் பிடிக்கும் என்றால் தனியாக இடித்துச் சில நிமிடம் விட்டு, பிறகு வினிகர் சேருங்கள். எப்படிச் செய்தாலும் கலந்தவுடன் ருசி பார்த்து, பூண்டு போதவில்லை என்று இன்னும் இரண்டு பல் போடுவதுதான் மாட்டிக்கொள்ளும் இடம். இரண்டு மணி நேரத்தில் அது தயிர் முழுக்க ஊறி ஏறிவிடும். கலக்கும்போது கொஞ்சம் குறைவாகத் தெரிவதே சரியான அளவு. கொடைக்கானல் மலைப்பூண்டு என்றால் காரம் அதிகம், பாதி போதும்.

வினிகர் என்றால் திராட்சை வினிகர். நம் மளிகைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினிகரில் பெரும்பாலானவை செயற்கை, புட்டியிலேயே அப்படி எழுதியிருக்கும். அது தொண்டையைப் பிடிக்கும். அதைவிட எலுமிச்சைச் சாறு எவ்வளவோ மேல், கிரேக்க வீடுகளிலும் எலுமிச்சை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர்ச் சின்ன எலுமிச்சைக்குப் புளிப்பு கூடுதல் என்பதால் சில துளிகளில் தொடங்குங்கள். ஆலிவ் எண்ணெய், சமைக்காமல் அப்படியே சாப்பிடுவதால், எக்ஸ்ட்ரா வர்ஜினாக இருக்க வேண்டும். உடம்புக்குத் தேய்க்க என்று மருந்துக் கடையில் விற்கும் சின்னப் புட்டி இதற்கு அல்ல.

இவ்வளவு பாடுபட்டுவிட்டு மிக்ஸியில் போட்டு ஒரு சுற்று விட்டால் எல்லாம் வீண். வடித்த தயிரின் கெட்டி அதன் புரத வலைப்பின்னலில் இருக்கிறது. பிளேடு அதை அறுத்துவிட்டால் சில நொடிகளில் தயிர் ஊற்றுகிற பதத்துக்கு இறங்கிவிடும், பிறகு மீளாது. முட்டை அடிக்கும் கருவியும் வேண்டாம். முள்கரண்டியோ மரக்கரண்டியோ போதும். முதலில் பூண்டு, வினிகர், அப்புறம் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலந்து, கடைசியாக வெள்ளரித் துருவலைச் சேர்த்து மேலும் கீழுமாகப் புரட்டி எடுங்கள்.

கீரையில் கிரேக்கர்களின் விருப்பம் சதகுப்பைக் கீரை. கர்நாடகத்தில் சப்சிகே என்று சந்தைகளில் கட்டுக்கட்டாக விற்பது இதுதான், பெங்களூரில் இருப்பவர்களுக்குச் சிரமமே இல்லை. தண்டை நீக்கி, இழைகளை மட்டும் நறுக்குங்கள். கிடைக்கவில்லை என்றால் புதினா. சைப்ரஸில் இதே பண்டத்தைத் தலத்தூரி என்று காய்ந்த புதினா தூவிச் செய்கிறார்கள், எனவே புதினாவை மாற்று என்று தயங்கிப் போட வேண்டியதில்லை. கொத்தமல்லி, சீரகத்தூள், பச்சை மிளகாய், வெங்காயம், தாளிதம் எதுவும் வேண்டாம். சேர்த்தால் நன்றாக இருக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது ராய்த்தாவாகிவிடும். மயோனைஸ் சேர்த்துக் கெட்டியாக்குவதை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. வடிக்கச் சோம்பல்பட்டு அந்த இடத்தில் வேறு எண்ணெயையும் முட்டையையும் நிரப்புகிற வேலை அது.

தளர்ந்துபோன கிண்ணத்தைத் தூக்கிக் கொட்டவும் வேண்டாம். கடலுக்கு அந்தப் பக்கம் துருக்கியில் ஜஜிக் என்று இதே தயிர், வெள்ளரி, பூண்டை வேண்டுமென்றே குளிர்ந்த தண்ணீர் விட்டு இளக்கி, கோடையில் கரண்டியால் சாப்பிடுகிறார்கள். உங்களுடையது தண்ணீர் விட்டுவிட்டால் இன்னும் கொஞ்சம் ஐஸ் தண்ணீர், காய்ந்த புதினா சேர்த்து அந்த வழிக்குக் கொண்டுபோய்விடலாம். ரொட்டிக்கு மட்டும் அது ஆகாது.

செய்த உடனே பரிமாறாமல் மூடி ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். சில்லென்று இருக்க வேண்டும். சூடான சுட்ட இறைச்சிக்கும், மாவில் புரட்டிப் பொரித்த சுக்கினித் துண்டுகளுக்கும் பக்கத்தில் இந்தக் குளிர்ச்சிதான் ருசி. மேலே கரண்டியால் ஒரு பள்ளம் செய்து எண்ணெய் விட்டு, ஓர் ஆலிவ் காய் வைத்தால் போதும்.

மூன்று நாள் வரை ஃப்ரிட்ஜில் இருக்கும், ஆனால் பூண்டு நாளுக்கு நாள் ஏறும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, உருகும்போது தயிர் மணல்மணலாகத் திரிந்து தண்ணீர் தனியாக நிற்கும். விருந்துக்கு என்றால் முதல் நாளே தயிரை வடித்து, பூண்டு, வினிகர், எண்ணெய் கலந்து வைத்துவிடலாம். வெள்ளரிக்காயை மட்டும் அன்றைக்கே துருவிப் பிழிந்து, விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு சேருங்கள்.