முன்கதவுக்கு மூன்று பூட்டு, பின்கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்

பொங்கல், கோடை விடுமுறை என்று ஊருக்குக் கிளம்பும் நாளில் பல வீடுகளில் இதைப் பார்க்கலாம். கேட்டுக்குச் சங்கிலி, கிரில்லுக்கு ஒரு பூட்டு, கதவுக்கு உள்ளங்கை அகலத்தில் இன்னொன்று, எல்லாவற்றையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் பஸ் ஏறுவார்கள். பின்னால் புழக்கடைக் கதவில் இருப்பதோ துருப்பிடித்த தாழ்ப்பாள், மொட்டை மாடிக்கு ஒரு தகரக் கதவு. நோட்டம் விடுகிறவன் அந்தப் பெரிய பூட்டைப் பார்த்ததும் உள்ளே ஆளில்லை என்று தெரிந்துகொண்டு பின்பக்கம் போய்விடுவான்.

அந்தப் பெரிய பூட்டும் எவ்வளவு தாங்கும்? விலை கொடுத்து நல்ல பூட்டாகத்தான் வாங்குகிறோம், ஆனால் அது மாட்டியிருக்கிற கொண்டி நாலு குட்டி ஸ்குருவில் நிற்கிறது. பூட்டைத் தொடவே வேண்டாம், கடப்பாரை நுனியை இடுக்கில் விட்டு நெம்பினால் கொண்டி மரத்தோடு பெயர்ந்து வந்துவிடும். கதவைத் துளைத்து உட்பக்கம் நட்டு போட்டு முடுக்குகிற கொண்டியாகப் போடச் சொல்லுங்கள். கதவுக்குள்ளேயே பதிக்கிற பூட்டு என்றால் இன்னும் நல்லது, வெளியே எதுவும் தொங்காது. நிலை செல்லரித்திருந்தால் இதெல்லாம் வீண், முதலில் ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

அடுத்து, வீட்டில் ஆளில்லை என்பதை நாமே ஊருக்குச் சொல்லிவிடுவது. வாசலில் இரண்டு நாளாகக் கோலம் இல்லை, கேட்டில் பால் பாக்கெட் பை தொங்குகிறது, பேப்பர் சுருண்டு கிடக்கிறது, பாதுகாப்புக்கு என்று போட்டுவிட்டுப் போன வராண்டா லைட் பட்டப்பகலிலும் எரிகிறது. பாலையும் பேப்பரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் வாசலைக் கூட்டி ஒரு கோலம் போடச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. லைட்டுக்கு, இருட்டினால் தானே எரிகிற சென்சார் பல்பு போதும். போகும் தேதியையும் திரும்பும் தேதியையும் உங்கள் பகுதி காவல் நிலையத்தில் சொல்லி வையுங்கள், பூட்டிய வீடுகளை ரோந்து போகும்போது பார்ப்பார்கள். பெரும்பாலானோர் இதைச் செய்வதில்லை, ஆனால் ஸ்டேஷனில் இருந்து கிளம்பும் ரயிலின் போட்டோவை மறக்காமல் ஸ்டேட்டஸில் போட்டுவிடுவார்கள்! படங்களைத் திரும்பி வந்து போடுங்களேன்.

சாவி விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: துளசி மாடம், செருப்பு ஸ்டாண்டு, கரண்டு மீட்டர் பெட்டி. அங்கெல்லாம்தான் முதலில் கை போகும். பீரோ சாவியைப் பீரோ மேலேயே வைப்பதும் அதே ரகம்.

கேமரா வாங்குகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. வாசலில் நாலு கேமரா, பதிவாகும் டிவிஆர் பெட்டி மட்டும் ஹால் டிவிக்குக் கீழே. வருகிறவன் போகும்போது அதையும் கழற்றிக்கொண்டு போனால் கேமரா இருந்தும் இல்லாத மாதிரிதான். பெட்டியைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள், முடிந்தால் இணையத்திலும் பதிவாகிற மாதிரி செய்துகொள்ளுங்கள்.

நகையைப் பொறுத்தவரை லாக்கர்தான் என் கட்சி, ஆனால் அங்கே வைத்தால் முழு மதிப்பும் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, லாக்கரில் திருட்டு போனாலோ தீப்பிடித்தாலோ வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். வாடகை 2,000 ரூபாய் என்றால் உச்சம் 2 லட்சம். எங்கே வைத்தாலும் ஒவ்வொரு நகையையும் போட்டோ எடுத்து, எடையையும் பில்லையும் சேர்த்து வையுங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு ஹால்மார்க்கோடு வாங்கியதில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி குறியீடு (அந்த நகைக்கு மட்டுமான அடையாள எண்) இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கடைசித் தவறு, திருட்டு நடந்த பிறகு செய்வது. கதவு உடைந்து கிடப்பதைப் பார்த்ததும் பதறி உள்ளே ஓடி, பீரோவைத் திறந்து, சிதறிய துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்துவிடுவார்கள், கைரேகையும் அதோடு போய்விடும். உள்ளே ஆள் இன்னும் இருக்கலாம் என்பதும் அப்போது நினைவுக்கு வராது. வெளியிலேயே நின்று 100 அல்லது 112-க்கு அழையுங்கள். எப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அது கட்டாயம் தேவைப்படும்.