மண்டையோட்டு நீளம் அளக்கும்போது பின்புள்ளியைத் தேட வேண்டாம்

வளைந்த கை கேலிபரின் (இரு முனைகளுக்கு இடையிலான தூரத்தை அளக்கும் கருவி) ஒரு முனையைப் புருவங்களுக்கு நடுவே இருக்கும் கிளபெல்லாவில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பின்மண்டையின் நடுக்கோட்டிலேயே மேலும் கீழும் நகர்த்துங்கள்; அளவு எங்கே உச்சத்தைத் தொடுகிறதோ அதுதான் ஒபிஸ்தோக்ரேனியன் எனும் பின்புள்ளி. முன்கூட்டியே பென்சிலால் குறிக்கத் தேவையில்லை. ஏனென்றால் இந்தப் புள்ளிக்கு எலும்பில் தனி அடையாளமே கிடையாது, அதிகபட்ச தூரம்தான் அதன் வரையறை. பிடரியில் கைக்குத் தட்டுப்படும் முடிச்சில் மட்டும் முனையை வைத்துவிடாதீர்கள், புதிதாக அளப்பவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் அங்கேதான்.

பிரெக்மா, லாம்டா போன்றவற்றுக்கு இது செல்லாது. அவை எலும்புத் தையல்கள் (மண்டையோட்டு எலும்புகள் இணையும் கோடுகள்) சந்திக்கும் இடங்கள், கண்ணால் பார்த்துக் குறித்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். மண்ணுக்குள் நசுங்கி வடிவம் மாறிய மண்டையோட்டிலும் இந்த முறை வேண்டாம்.