விற்பதற்குக் கதை சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீட்டிலிருந்தபடியே முறுக்கு, மசாலைத்தூள், தையல், மூலிகை எண்ணெய், பிள்ளைகளுக்கான துணைப்பாட வகுப்பு என்று சிறுதொழில் நடத்துபவர்களுக்கு விளம்பர வாசகம் எழுதித் தருவதும், அதை எழுதக் கற்றுத் தருவதும் சில ஆண்டுகளாக என் வேலையாக இருந்து வருகிறது. புலனத்திலும் (வாட்ஸ்அப்) முகநூலிலும் அவர்கள் போடும் விளம்பரங்கள் பெரும்பாலும் ஒரு கதையோடுதான் தொடங்குகின்றன. அது நல்ல வழக்கமே. எடையையும் விலையையும் மட்டும் சொல்லும் விளம்பரத்தைத் தள்ளிக்கொண்டு போகும் விரல், ஒரு மனிதரைப் பற்றிய வரியைக் கண்டால் சற்று நிற்கிறது. 2000ஆம் ஆண்டில் மெலனி கிரீன், திமோதி பிராக் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு, கதைக்குள் ஆழ்ந்துபோன வாசகர்கள் அந்தக் கதையோடு இசைந்த நம்பிக்கைகளுக்கு நகர்வதையும், அதில் பொய்யாகத் தோன்றும் இடங்களைக் குறைவாகவே கண்டுபிடிப்பதையும் காட்டியது. கேட்பவர் தம் காவலைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நாம் அவரிடம் பேசுகிறோம் என்பதை இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். ஆகவே இந்தக் கலையில் நேரும் தவறுகளை வெறும் நடைத்தவறுகளாக என்னால் பார்க்க முடிவதில்லை.

நம் ஊரைப் போன்ற தோட்டத்து ஊர்களுக்கென்று தனியான நிலைமை ஒன்றும் உண்டு. கோலாலம்பூரில் இருந்து எழுதுபவருக்குத் தம் வாசகர் யாரென்றே தெரியாது. இங்கேயோ, எழுதுபவரின் அப்பா எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார், எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) குடியிருந்தார் என்பதுகூட வாசகருக்குத் தெரியும்.

எல்லாருக்கும் பொதுவான துன்பத்தைத் தம் கதையாகச் சொல்வதுதான் நான் அடிக்கடி காணும் முதல் தவறு. "தோட்டத்தில் பிறந்தேன், வறுமையில் வளர்ந்தேன், விடாமுயற்சியால் இன்று சொந்தத் தொழில் செய்கிறேன்" என்ற மூன்று வரிகள் இல்லாத முதல் வரைவு என் மேசைக்கு வந்தது அரிது. அந்த வரிகள் உண்மையானவை. ஆனால் படிப்பவரின் தாயும் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர், படிப்பவரும் அதே வாளியைத் தூக்கியவர் என்பதால், அவை அவருக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை. வறுமை ஒருவருடைய பொருளின் தரத்தைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை.

தீபாவளிக்கு முறுக்கு விற்கும் ஓர் அக்கா இப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தார். அந்த வரிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, அவருடைய அம்மா முறுக்கு சுட்ட நாள் எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டேன். விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்குப் போய், எடுத்த பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய பிறகு, இரவில்தான் அம்மா அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைப்பாராம். முதல் முறுக்கைப் பிழிந்து சுட்டு, ஆறவிட்டு, காதருகே வைத்து ஒடித்துப் பார்ப்பாராம். அந்த ஒலி அவருக்குப் பிடிக்கவில்லையென்றால் மொத்த மாவையும் மறுபடி பிசைவாராம். "நானும் இன்னும் அப்படித்தான் ஒடிச்சுப் பார்ப்பேன்" என்று அக்கா தற்செயலாகச் சொன்னார். விளம்பரம் அந்த இடத்தில் கிடைத்துவிட்டது. காதருகே ஒடிக்கப்படும் ஒரு முறுக்கு, தாயின் உழைப்பையும் மகளின் கவனத்தையும் பண்டத்தின் மொறுமொறுப்பையும் ஒன்றாகச் சொல்கிறது. "கஷ்டப்பட்டோம்" என்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை.

1958ஆம் ஆண்டில் விளம்பர எழுத்தாளர் டேவிட் ஓகில்வி ரோல்ஸ்-ராய்ஸ் வண்டிக்கு எழுதிய புகழ்பெற்ற தலைப்பு, மணிக்கு 60 மைல் வேகத்தில் அந்த வண்டிக்குள் கேட்கும் மிகப் பெரிய ஓசை மின்கடிகாரத்தின் ஓசைதான் என்று சொன்னது. அந்த விவரத்தை அவர் கற்பனை செய்யவில்லை; வண்டியைச் சோதித்த மோட்டார் இதழ் ஒன்றின் அறிக்கையில் இருந்து கண்டெடுத்தார். அக்காவின் முறுக்கையும் அந்த வண்டியையும் ஒரே வரிசையில் வைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. இரண்டிலும் எழுதுபவரின் வேலை தேடுவதும் கேட்பதும்தான்.

விற்பவரே கதைத்தலைவராக நின்றுவிடுவது அடுத்த தவறு. துணைப்பாட வகுப்பு நடத்தும் ஆசிரியை தம் பட்டங்களையும் தாம் கடந்து வந்த தடைகளையும் 20 வரிகளில் சொல்கிறார். வாய்ப்பாடு சொல்லத் தெரியாமல் பையன் அழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு அந்த 20 வரிகளிலும் இடமே இல்லை. இதற்கு நம் வட்டாரத்து வரலாற்றிலேயே நல்ல எதிர்ச்சான்று இருக்கிறது. 1950களில் இருந்து வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழக்கத் தொடங்கியபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, எங்கள் நாணயத்தில் மாதம் 10 வெள்ளி வீதம் பங்குப்பணம் கட்டும்படி தொழிலாளர்களிடம் கேட்கப்பட்டது. அன்றைய கூலியில் 10 வெள்ளி சிறிய தொகையன்று. ஆனாலும் கட்டினார்கள், மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அந்த அழைப்பின் நடுவில் நின்றவர் தலைவர் அல்லர், தாம் வெட்டும் மரத்துக்குத் தாமே உரிமையாளராகப் போகும் தொழிலாளி. எட்டாயிரம் வெள்ளி மூலதனத்தில் தொழில் நடத்தும் நாமும், வாங்குபவரை அந்த இடத்தில் நிறுத்தத்தான் வேண்டும்.

பெருநாள் காலத்தில் மட்டும் தலைகாட்டும் தவறு ஒன்றும் இருக்கிறது. பெட்ரோனாஸ் எண்ணெய் நிறுவனத்துக்காக இயக்குநர் யாஸ்மின் அமாட் எடுத்த பெருநாள் விளம்பரங்களை நாம் எல்லாரும் பார்த்துக் கண் கலங்கியிருக்கிறோம். அவற்றில் பொருளைப் பற்றிய பேச்சே இராது. இறுதியில் நிறுவனத்தின் சின்னம் மட்டும் வரும். அதைப் பின்பற்றி, தாய்க்கும் மகனுக்கும் இடையிலான பாசத்தை உருக்கமாக எழுதிவிட்டு, என்ன விற்கிறோம், எவ்வளவு விலை, யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை விட்டுவிடும் சிறுவணிகர்கள் உண்டு. நாடே அறிந்த நிறுவனத்துக்கு நினைவூட்டினால் போதும். நம்மை யாரென்றே அறியாதவருக்கு நாம் முதலில் அறிமுகமாக வேண்டும்.

தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்கோ கோயில் திருப்பணிக்கோ நன்கொடை கேட்டு எழுதுபவர்கள் இதற்கு நேர்மாறாக, கதையின் மேல் புள்ளிவிவரங்களை அடுக்கிவிடுகிறார்கள். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் ஆகியோர் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒரு சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தனர். அதே சிறுமியோடு பஞ்சத்தின் புள்ளிவிவரங்களையும் சேர்த்துப் படித்தவர்கள் 1.43 டாலர்தான் கொடுத்தனர். கணக்கைக் காட்ட வேண்டியது நம் கடமை. அதைத் தனித்தாளில் காட்டலாம்.

இனி, நான் மிகவும் கவலைப்படும் தவறுக்கு வருகிறேன். உடல்நலப் பொருள்களை விற்பவர்கள் கதையை மருந்தாகவே கொடுத்துவிடுகிறார்கள். "அப்பாவுக்குச் சர்க்கரை மிக அதிகமாக 18 மில்லிமோலில் இருந்தது, இந்த நீரைக் குடித்த மூன்று வாரத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டார்" என்ற பாணியில் வரும் செய்திகள் நம் புலனக் குழுக்களில் நாள்தோறும் சுற்றுகின்றன. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிகுதி. அப்படியானால் அந்தக் கதை போய்ச் சேரும் வீடுகளில் பலவற்றில் உண்மையாகவே மாத்திரை டப்பா ஒன்று இருக்கிறது. கதையில் ஆழ்ந்தவர் அதில் குறையைத் தேடமாட்டார் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இங்கே மாத்திரையை நிறுத்துவதிலும், பின்னர் சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையத்திலும் போய் முடியலாம்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1956ஆம் ஆண்டு மருந்து (விளம்பரம், விற்பனை) சட்டம், நீரிழிவு, புற்றுநோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாகவோ தடுப்பதாகவோ பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. "நான் விளம்பரம் செய்யவில்லை, எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் சொன்னேன்" என்று பலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். கீழே விலையும் தொலைபேசி எண்ணும் இருந்தால், வீட்டில் நடந்ததும் விளம்பரம்தான். அப்பா தேறியது உண்மையாகவே இருக்கலாம். அதே மூன்று வாரத்தில் அவர் சோற்றைக் குறைத்தாரா, மாலையில் நடந்தாரா, மருத்துவர் மருந்தை மாற்றினாரா என்பதை அந்தக் கதை சொல்வதில்லை. மூலிகை எண்ணெய் விற்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றே: எண்ணெயைக் காய்ச்சும் கதையைச் சொல்லுங்கள், எந்த இலை, எத்தனை மணி நேரம், யாரிடம் கற்றீர்கள் என்று சொல்லுங்கள், நோயைத் தொடாதீர்கள்.

பிறர் கதையைக் கேட்காமல் எடுத்துக்கொள்வதும் நம்மிடையே தவறாகவே கருதப்படுவதில்லை. ஓர் இளைஞர் தம் பாட்டியின் காய்ப்பேறிய கைகளைப் படமெடுத்து, அவருடைய பசிக்காலத்தையும் எழுதி, மசாலைத்தூளுக்கு விளம்பரமாகப் போட்டார். விற்பனை நன்றாகவே நடந்தது. கோயிலில் நாலு பேர் விசாரித்த பிறகுதான் பாட்டிக்குச் செய்தி தெரிந்தது. "ஏய்யா, என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லையாம், ஆனால் அடுத்த சில வாரங்களுக்கு வெள்ளிக்கிழமை பூசைக்குப் போகவில்லை.

சொந்தக் கதையை விற்பவருக்கோ அனுமதி கேட்க ஆளே இல்லை. ஆகவே அங்கே நேரும் சேதம் வெளியே தெரிவதில்லை. என் தந்தையார் மறைந்து 40 நாள்கூட நிறைவடையாத நேரத்தில், குடும்பப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை விற்கும் முகவர் குழுவுக்காக நான் ஒரு விளம்பரம் எழுதினேன். தந்தையாரின் கடைசி வாரத்தை அப்படியே எழுதிக் கொடுத்தேன். செய்திகள் வந்து குவிந்தன. ஒவ்வொரு செய்தியிலும் முதலில் அனுதாபம் இருந்தது, அடுத்த வரியில் மாதத் தவணை எவ்வளவு என்ற கேள்வி இருந்தது. நான் இரண்டுக்கும் ஒரே மூச்சில் பதில் எழுதினேன். மூன்றாம் நாளில் இருந்து தூக்கம் போய்விட்டது. அந்தக் கடைசி வாரத்தை நினைக்கும்போதெல்லாம் தந்தையாரின் முகத்துக்கு முன்னால் நான் எழுதிய வாக்கியமே வந்து நின்றது, இப்போதும் சில நேரம் நிற்கிறது.

துயரத்தை எழுதுவது நல்லது என்று எங்கும் சொல்கிறார்கள். அதற்கு அடிப்படையான ஆய்வு எப்படி நடந்தது என்பதைக் கவனிப்பதில்லை. 1986ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தம் ஆழ்ந்த வேதனைகளைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாள் எழுதினார்கள். எழுதி முடித்த உடனே அவர்களின் மனம் இன்னும் சோர்ந்திருந்தது. ஆனால் வேதனையை அதன் நிகழ்ச்சிகளோடும் உணர்ச்சிகளோடும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைந்தது. அந்த எழுத்துக்கு வாங்குபவர் இல்லை, விருப்பக்குறி இல்லை, விலை இல்லை. ஆறுவதற்காக எழுதுவதும் விற்பதற்காக எழுதுவதும் ஒரே பேனாவில் நடப்பதால் ஒன்றையொன்று செய்துவிடும் என்று நாம் நம்பிவிடுகிறோம். இப்போதெல்லாம் சொந்த வேதனை எதுவானாலும் முதலில் ஒரு குறிப்பேட்டில்தான் எழுதுகிறேன். அதைச் சத்தமாகப் படிக்கும்போது தொண்டை அடைத்தால், அது இன்னும் விளம்பரத்துக்குப் போகும் நிலையில் இல்லை என்று மூடி வைத்துவிடுகிறேன்.

இதோடு ஒட்டிய மற்றொன்றும் உண்டு. தம் வாழ்க்கையையே விளம்பரமாக்கியவர், ஆர்டர் வராத நாளில் தம் வாழ்க்கையையே யாரும் மதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறார். தையல் செய்யும் தங்கை ஒருத்தி அப்படித்தான் மனமொடிந்து, எழுதுவதையே நிறுத்த இருந்தாள். அவள் அந்த விளம்பரத்தைப் போட்ட தேதி 26. வேலைச் சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். செம்பனைத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் அவளுடைய வாடிக்கையாளர்களிடம் மாதக் கடைசியில் என்ன இருக்கும்? அதே வாசகத்தை 8ஆம் தேதி மறுபடி போடச் சொன்னேன். 11 பேர் அளவு கொடுக்க வந்தார்கள்.

முறுக்கு அக்காவின் விளம்பரத்தில், அம்மா மண்ணெண்ணெய் விளக்கடியில் முறுக்கு பிழிந்ததாக ஒரு வரி இருந்தது. என் மனத்துக்கு மிகவும் பிடித்த வரி அது. அனுப்புவதற்கு முதல் நாள், அக்கா முழு வாசகத்தையும் தம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். முறுக்கை ஒடிக்கும் இடம் வந்ததும் அம்மா சிரித்தாராம். விளக்கு வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாராம். "அது ஒங்க பாட்டி காலத்து விளக்கு. எனக்குக் கரண்டு இருந்துச்சு" என்றாராம். அந்த வரியை எடுத்துவிட்டு அனுப்பினோம்.